"அவனுக்குத் தெரியாது சார்"

கேன்சர் வந்த சின்ன வயசுப் பசங்க மனசுக்கான உதவியை போன்ல தேடுறது பத்தி ஒரு இழை. கொஞ்சம் நீளம். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.

திருத்துறைப்பூண்டியில இருந்து கீமோவுக்குத் தஞ்சாவூரோ அடையாறோ போகணும். நடுவுல ரத்த அணு பாக்க, வாந்திக்கு, காய்ச்சலுக்கு எங்ககிட்ட வருவாங்க. பையன் ரத்தம் குடுக்க உள்ள போனதும் அப்பா குரலைத் தாழ்த்துவார்: "அவனுக்குத் தெரியாது சார். நெறிக்கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்கோம்." 2018ல நெல் ஜெயராமன் இறந்தப்போ ஊரே வாய்விட்டுச் சொன்ன நோய்தான். வீட்டுக்குள்ள வந்தா மட்டும் அதுக்குப் பேர் நெறிக்கட்டி.

பையனுக்குத் தெரியும். 19 வயசு, பாலிடெக்னிக். ஃபைல்ல 'ஏபிவிடி'ன்னு நாலே எழுத்து இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே அதை போன்ல அடிச்சுப் பாத்துட்டான். ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்குக் குடுக்குற நாலு மருந்து அது. பெரும்பாலானவங்க முழுசா குணமாகிற கேன்சர். ஆனா அந்த வரி வரைக்கும் அவன் படிக்கல.

அப்பா மருந்து வாங்கப் போன அஞ்சு நிமிஷத்துல ரெண்டு கேள்வி கேட்டான். மூத்திரம் சிவப்பா போகுது, ரத்தமா? இல்ல தம்பி, அந்தச் சிவப்பு மருந்தோட நிறம், ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும். ரெண்டாவது கேள்வியை என் முகத்தைப் பாக்காம கேட்டான்: "எனக்குக் குழந்தை பொறக்குமா சார்?"

இந்த மருந்துகள்ல அந்த ஆபத்து குறைவு. இருந்தாலும் கீமோ தொடங்குறதுக்கு முன்னாடியே விந்தணு சேமிப்பு பத்திப் பேசியிருக்கணும். அப்பாவும் மாமாவும் பக்கத்துல நிக்கிற அறையில யார் இதைக் கேப்பாங்க? ஒரே கூடத்துல அஞ்சு பேர் படுக்குற வீட்டுல அவனுக்குன்னு கதவு சாத்துற அறை அந்த போன் மட்டும்தான்.

அந்த அறைக்குள்ள தமிழ்ல என்ன இருக்குன்னு அவன் போன்லயே பாத்தேன். கீமோவை நிறுத்து, முள்சீத்தா சாப்பிடுன்னு ஒருத்தர். அடுத்தது யுவராஜ் சிங். 2011 உலகக்கோப்பை, அப்புறம் கேன்சர், 2012லயே திரும்ப இந்திய அணி. நல்ல கதைதான். ஆனா 'போராளி'ங்கிற வார்த்தை மேல எனக்குச் சந்தேகம் உண்டு. ராத்திரி அழுத பையன், தான் தோத்துட்டதா நினைச்சுக்கிறான்.

வெளிநாட்டுல இதுக்குன்னே செஞ்சு பாத்திருக்காங்க. ஆஸ்திரேலியாவுல 'ரீகேப்சர் லைஃப்'னு ஒண்ணு. சிகிச்சை முடிஞ்ச 15 முதல் 25 வயசுக்காரங்க நாலஞ்சு பேர், வாரம் ஒருமுறை, ஆறு வாரம், வீடியோவுல. ஸ்வீடன்ல உப்சாலா பல்கலைக்கழகத்தோட 'யங்கேன்' இணையவழி சுயஉதவி. பயிற்சி எளிமையானதுதான். 'ஃப்ரெண்டு மெசேஜைப் பாத்துட்டான், பதில் போடல' - இது நடந்தது. 'என்னை ஒதுக்கிட்டான்' - இது நான் நினைக்கிறது. இப்படிப் பிரிச்சு எழுதிப் பழகுறது. பேர்தான் சுயஉதவி. முதல்ல சொன்னதுல ஒரு உளவியலாளர் கூடவே உக்காந்திருப்பார், ரெண்டாவதுல வழிகாட்ட ஒருத்தர் இருப்பார். நம்ம பையன் ராத்திரி ரெண்டு மணிக்குத் தேடுறப்போ இல்லாதது அந்த ஆள்தான்.

நம்மகிட்ட ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். தங்கையைக் கேன்சருக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954ல தொடங்குன அடையாறு புற்றுநோய் நிலையத்துல இதுக்குன்னே உளவியல் பிரிவு இருக்கு. அங்க சிகிச்சை எடுக்குறவங்க, "மனசு சரியில்ல, பேசணும்"னு கேட்டு வாங்கிக்கலாம். ஊர் திரும்பினதும் டெலி மானஸ், 14416. 2022 அக்டோபர்ல தொடங்குனது. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். சாகணும்னு தோணுதுன்னு பிள்ளை சொன்னா விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம். உடனே அந்த நம்பர், இல்லன்னா பக்கத்துல இருக்குற அரசு மருத்துவமனை.

அப்பாவுக்கு வேற யோசனை. "போனைப் புடுங்கிடவா சார்? கண்டதையும் பாத்து பயந்துடுறான்."

வேண்டாம்னேன். புடுங்கினா பயம் போகாது, கேள்வி கேக்க இருந்த ஒரே இடம் போயிடும். "அவனுக்கு எல்லாம் தெரியும்"னு நான் சொல்லல, அது அவன் சொல்ல வேண்டியது. "என்ன பாத்தேன்னு ஒருநாள் கேளுங்க, திட்டாம கேளுங்க"ன்னு மட்டும் சொன்னேன். அப்பா பதிலே சொல்லல. சட்டைப் பையில மாத்திரைச் சீட்டை மடிச்சு வச்சுக்கிட்டே இருந்தார்.

பையன் போன்ல ரெண்டு விஷயம் பதிஞ்சு குடுத்தேன். 14416. அப்புறம், கீமோ நடக்குற நாள்ல காய்ச்சல் 100.4 தொட்டா பாராசிட்டமால் போட்டுட்டுப் படுக்காம, எந்த நேரமா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

இதைப் படிக்கிற உளவியலாளர்கள் யாராவது, இந்தப் பசங்களுக்காகத் தமிழ்ல பத்து பத்து நிமிஷமா பேசிப் பதிவு பண்ண முடியுமா? முதல் பதிவு அந்த ரெண்டாவது கேள்வி பத்தி இருக்கட்டும்.