தையலோடு முடியாத காயம்

முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் பங்குத்தொகையைக் கொண்டு, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவாகி, பேச்சு வழக்கில் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு, வேலையில் நேரும் காயத்தைப் பிற நோய்களிலிருந்து பிரித்தே பார்க்கிறது. நோய்க்கால உதவித்தொகைக்குக் குறிப்பிட்ட நாள்கள் பங்குத்தொகை கட்டியிருக்க வேண்டும். பணிக்காயத்துக்கோ வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உரிமை பிறந்துவிடுகிறது. வேலை செய்ய இயலாத காலத்துக்குச் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு, தற்காலிக ஊன உதவித்தொகை என்ற பெயரில் கிடைக்கிறது.

ஆயினும், பவர் பிரஸ்ஸில் விரல் நசுங்கியவரை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்பாமல், பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் தையல் போடவைத்துப் பில்லைத் தாமே கட்டிவிடும் பட்டறை முதலாளிகள் உண்டு. இதைத் தாராள மனம் என்று மெச்சுமுன், விபத்து அறிக்கை, அதாவது எந்நாளில், எந்த இயந்திரத்தில், யார் கண்முன் காயம் நேர்ந்தது என்று முதலாளி ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு எழுதித் தரும் படிவம், அனுப்பப்பட்டதா என்று பார்ப்பது நல்லது. மருத்துவமனைச் சீட்டில் ‘வீட்டுக் கதவில் நசுங்கியது’ என்று சொல்லவைப்பதும் நடக்காததன்று. பின்னாளில் அந்த விரல் மடங்காமற்போனால், மருத்துவக் குழு அவரது வருவாய்த்திறன் இழப்பை அளவிட்டு முடிவுசெய்யும் நிரந்தர ஊன உதவித்தொகை, காயம் பணியில்தான் நேர்ந்தது என்ற சான்றையே பற்றி நிற்கிறது. அச்சீட்டோ அதற்கு நேர் எதிரான சாட்சியாகிவிடுகிறது. முதலாளி அறிக்கை தராதபோது, தொழிலாளியே வருகைப் பதிவின் நகலோடும் முதல் சிகிச்சைச் சீட்டோடும் கிளை அலுவலகத்தில் எழுத்துமூலம் முறையிடலாம்.