மூட்டையைப் பார்க்க வராத சம்சாரி

மிளகாய் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு குத்து அள்ளி, காதோரம் குலுக்கிப் பார்ப்பது எங்கள் பக்கத்துச் சம்சாரிகளின் பழக்கம். நன்றாகக் காய்ந்த வற்றலென்றால் விதை கலகலவென்று பேசும். ஈரம் ஏறியிருந்தால் சத்தமே வராது. விளாத்திகுளத்தில் கமிஷன் கடைக் கணக்கு எழுதிய அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் இதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஐப்பசியில் விதைத்து, மாசி பங்குனியில் பழம் பறித்து, களத்தில் காயப்போட்டு, விலை வரட்டும் என்று கிடங்கில் போட்டுவிட்டுப் போன மனுஷன், வாரத்துக்கு ஒரு தடவையாவது சாக்குப்போக்குச் சொல்லிக்கொண்டு வந்துவிடுவார். மூட்டையைத் தொட்டுப் பார்க்காமல் அவருக்கு உறக்கம் வராது.

இருபது வருஷம் கழித்து, கடனில் மூழ்கிய ஒரு குளிர்பதனக் கிடங்கை நான் பொறுப்பேற்றபோது அந்தக் காட்சிதான் எனக்குக் கைகொடுத்தது. ஊரும் பெயரும் இங்கே வேண்டாம்.

என் வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடனைக் கட்ட முடியாத கம்பெனியின்மீது வங்கியோ, சரக்குக் கொடுத்தவரோ, சில நேரம் அந்தக் கம்பெனியே தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து இயக்குநர்களின் அதிகாரம் நிறுத்திவைக்கப்பட்டு, என்னைப் போன்ற ஒருவர் கையில் நிர்வாகம் வரும். 2016ஆம் வருஷத்துத் திவால் சட்டம் எங்களுக்கு வைத்த பெயர் நீளமானது. கிடங்கு வாசலில் நிற்கிற சுமைதூக்கும் தொழிலாளிக்கு நான் ‘கோர்ட்டு ரிசீவர்’தான். அதுவே எனக்கும் போதும். கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, ராஜாஜி சாலையில் தீர்ப்பாயத்தின் முன் நிற்பதும், மறுநாள் காலை வேம்பார்ச் சாலையில் ஒரு பூட்டிய ஷெட்டின் முன் நிற்பதும் இந்தத் தொழிலில் சகஜம். எங்கள் மாவட்டத்திலேயே மேலமருதூரின் 1200 மெகாவாட் அனல்மின் நிலையம் 2022இல் இந்த நடைமுறைக்குள் வந்தது. சின்னக் கம்பெனியானாலும் பெரிய கம்பெனியானாலும் வழி ஒன்றுதான்.

அந்தக் கிடங்குக்கு வருகிறேன். உள்ளே இருப்பவை பெரும்பாலும் சம்சாரிகளின் மூட்டைகள் என்று பதிவேடு சொன்னது. பிறருடைய பொருள் கம்பெனியின் காவலில் இருந்தால் அது கம்பெனியின் சொத்தாகாது. சட்டத்தின் 18ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே சம்சாரிகளை வரச்சொல்லி, ரசீதைச் சரிபார்த்து, மூட்டையைக் கொடுத்தனுப்பினேன். கம்பெனி திவால் என்று கேள்விப்பட்ட அன்றே பதறியடித்து வாசலுக்கு வந்து நின்றவர்கள் அவர்கள். மூன்றாம் வாரம் முடிந்தபோதும் நாற்பத்துச் சொச்சம் பெயர்களுக்கு ஆள் வரவில்லை. ஃபோன் செய்தால் சிலருடைய எண் வேலை செய்யவில்லை. எடுத்தவர்களில் ஒருவர், தனக்கு மிளகாய் போடுகிற நிலமே கிடையாது என்றார்.

தன் மூட்டையைப் பார்க்க வராத சம்சாரி எங்கே இருக்கிறான்?

சந்தேகம் வந்துவிட்டது, ஆனால் சந்தேகத்தைத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய முடியாது. உரிமையாளரைக் கேட்டால், “அவங்க வருவாங்க மேடம்” என்பதோடு சரி. விடை, யாரும் மறைக்கத் தோன்றாத ஒரு கோணிப்பையில் இருந்தது. சில்லறைச் செலவு வவுச்சர்கள். மூட்டை வந்து இறங்கும்போது இறக்குக்கூலியைச் சம்சாரி தன் கையிலிருந்துதான் கொடுப்பார். இந்த நாற்பது பெயர்களின் மூட்டைகளுக்கு மட்டும் கூலி கம்பெனியின் சில்லறைப் பணத்திலிருந்து போயிருந்தது. நாள், லாரி எண், சுமைக்காரர் தலைவரின் கைநாட்டு எல்லாம் சரியாக இருந்தன. பதிவேட்டில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். கூலி கொடுத்தவர் யாரோ அவருடைய சரக்கு அது.

இந்தத் தொழிலில் நான் கற்றது இந்த ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். சொத்தை மறைத்துவிடலாம், அது தின்னும் தீனியை மறைப்பது கடினம். மைத்துனர் பெயரில் ஓடுகிற லாரிக்கும் வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் கட்டியாக வேண்டும், எஃப்.சி. காட்டியாக வேண்டும், டயர் மாற்றியாக வேண்டும். கணக்கில் இல்லாத உப்பளத்திலும் மோட்டார் ஓடினால்தான் பாத்தியில் தண்ணீர் ஏறும். மழை இறங்குவதற்குமுன் தட்டுமேட்டில் அம்பாரத்தை மூடியாக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், கூலி வேண்டும். காலி மனைக்குக்கூட வேலி உண்டு, தீர்வை உண்டு. இந்தத் தீனி ஏதோ ஒரு கையிலிருந்து போகிறது. அந்தக் கை எதுவென்று பார்த்தால் போதும், பினாமியின் பெயரை நான் தேடி அலைய வேண்டாம்.

இன்னொரு கம்பெனியில், சொத்துப் பட்டியலில் இல்லாத ஒரு கிடங்கைக் காட்டிக்கொடுத்தது வயதான காவலாளி சொன்ன ஒரே வாக்கியம். “தாயி, எங்களுக்குச் சம்பளம் போட்டு ஆறு மாசமாச்சு. ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கரண்டு பில்லு மட்டும் ரெண்டு கெட்டுறாக.” கம்பெனிக்கு மின் இணைப்பு ஒன்றுதான் என்று எனக்குக் கொடுத்த காகிதத்தில் இருந்தது. இரண்டாவது இணைப்பு எண்ணைப் பிடித்துக்கொண்டு போனேன். அது எட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஒரு ஷெட்டில் போய் நின்றது. உள்ளே பட்டியலில் ‘பழுதாகி விற்றாயிற்று’ என்று எழுதப்பட்ட இயந்திரங்கள் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

ஆகவே புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது: இயக்குநரின் அறைக்கு முன்னால் காவலாளியின் கொட்டகைக்குப் போங்கள். பிறகு கேஷியர், பிறகு டிரைவர். அவர்களுக்குச் சம்பளப் பாக்கி இருக்கும், உண்மை தெரிந்திருக்கும், இதுவரை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். கணக்கு டேலியில் இருந்தால் அதன் திருத்தத் தடத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் எந்தக் கம்பெனியும் அந்தத் தடம் பதிவாகாத மென்பொருளில் கணக்கு வைக்கக் கூடாது. வில்லங்கச் சான்றை உரிமையாளர் பெயருக்கு மட்டும் போடாதீர்கள். கம்பெனி எப்போதாவது வைத்திருந்த ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் போடுங்கள். நிலம் எங்கே போனது என்பது அதில் வரிசையாக இருக்கும்.

சட்டம் எங்களுக்குக் கொடுத்திருக்கும் ஆயுதம் சின்னதில்லை. கம்பெனி நொடிக்கப்போகிற காலத்தில் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்தது, அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும் திரும்பக் கேட்கலாம். சொந்தபந்தத்துக்குக் கொடுத்தது என்றால் மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷம் பின்னால் போகலாம். வெளியாளுக்கு என்றால் ஒரு வருஷம். கடன் கொடுத்தவரை ஏமாற்றவே செய்தது என்று நிரூபித்தால் 49, 66ஆம் பிரிவுகளுக்கு இந்தக் கால எல்லை கிடையாது. சொத்தை மறைத்தவருக்கு 68ஆம் பிரிவில் 3 முதல் 5 வருஷம்வரை சிறை உண்டு. ஜேபீ இன்ஃப்ராடெக் வழக்கில், தாய்க் கம்பெனி வாங்கிய கடனுக்காகத் தன் 758 ஏக்கர் நிலத்தை அந்தக் கம்பெனி அடகு வைத்திருந்தது. பொறுப்பிலிருந்த அனுஜ் ஜெயின் அதை எதிர்த்துப் போனார். தீர்ப்பாயத்தில் ஜெயித்து, மேல்முறையீட்டில் தோற்று, 2020 பிப்ரவரி 26 அன்று உச்ச நீதிமன்றத்தில் மறுபடி ஜெயித்தார். அடகு செல்லாது என்று ஆனது. வீடு கேட்டுப் பணம் கட்டிக் காத்திருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த நிலத்தின் பின்னால் நின்றன.

ஆனால் காலம் எங்கள் பக்கம் இல்லை. மனு ஏற்கப்பட்ட 75ஆம் நாளுக்குள் இப்படிப்பட்ட கொடுக்கல் நடந்ததா என்று ஒரு கருத்துக்கு வர வேண்டும், 115க்குள் உறுதி செய்ய வேண்டும், 130க்குள் மனு போட வேண்டும். இதற்குள் ‘சர்வர் பழுது’, ‘ஆடிட்டர் வெளியூர்’, ‘ஃபைல் எல்லாம் மழையில் நனைந்துவிட்டது’ என்பதையெல்லாம் தாண்ட வேண்டும். ஒத்துழைக்க மறுத்தால் 19ஆம் பிரிவில் போகலாம்; அதுவும் ஒரு தேதி, ஒரு வாய்தா. மறைக்கிறவருக்கு வேண்டியது அந்த வாய்தாதான்.

எடை விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். சென்னை சுரானா கார்ப்பரேஷன் வழக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2012இல் சி.பி.ஐ. அங்கே 400.47 கிலோ தங்கத்தைக் கைப்பற்றி, அதே கம்பெனியின் பெட்டகங்களில் வைத்து முத்திரையிட்டது. 72 சாவிகள் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. கம்பெனி திவாலாகி, கலைப்பாளர் 2020 பிப்ரவரியில் வங்கிப் பிரதிநிதிகளின் முன்னிலையில் திறந்து எடை போட்டார். 103.864 கிலோ குறைந்தது. கைப்பற்றியபோது மொத்தமாக எடை போட்டோம், இப்போது தனித்தனியாகப் போட்டதால் வித்தியாசம் என்று சி.பி.ஐ. விளக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், அதே வருஷம் டிசம்பரில் சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவிட்டது. என்னை உலுக்கியது அந்தக் கலைப்பாளரின் நிலைமை. அவர் காகிதத்திலிருந்த 400 கிலோவுக்கு நம்பிக்கையாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தால், குறைந்த நூறு கிலோவும் அவர் தலையில் விழுந்திருக்கும். அன்றிலிருந்து ஒரு சாக்கு உப்பானாலும் நான் எடைமேடையில் ஏற்றாமல் வாங்கியதில்லை. எடுத்த வீடியோவில் எடைமேடையின் எண் தெரிய வேண்டும், சாட்சி கையெழுத்துப் போடுவதும் தெரிய வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் பட்டியலிலிருந்த இயந்திரம் ஒன்று தளத்தில் இல்லை. விற்ற பணம் வங்கியிலும் வரவில்லை. மறைப்பு என்றே முடிவு கட்டி, தொழிலாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க அந்த முதலாளியை நிறுத்திக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பெட்டி ஒட்டும் அக்கா ஒருவர் கூலிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தார். “அண்ணாச்சி அந்த மிஷினை வித்துத்தான் தாயி எங்களுக்குத் தீவாளிக்குக் கூலி போட்டாரு.” பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தொகையும் கையெழுத்தும் இருந்தன. கூட்டிப் பார்த்தேன். விற்ற விலைக்குச் சரியாக வந்தது. மறுநாள் காலை, முந்தின நாள் இருந்த அதே ஆட்கள் முன்னால் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நொடித்தவனெல்லாம் திருடன் என்று நினைக்கிற ஊர் நம் ஊர். ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்’ என்று சொல்லும்போதே குரலில் ஒரு இளக்காரம் வரும். 1906 அக்டோபரில் நடந்த இரண்டு சம்பவங்களை நான் சேர்த்தே நினைப்பேன். 16ஆம் தேதி தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாகிறது. ஆறே நாளில், 22ஆம் தேதி, சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவை மூடுகிறது. நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட் மோசடிக்காக 18 மாதம் கடுங்காவல் தண்டனை பெற்றார். சுதேசிக் கம்பெனியும் பிழைக்கவில்லை. வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கட்டணத்தை வெட்டியது, 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இரண்டும் நொடித்த கம்பெனிகள்தான். ஒன்றை நடத்தியவன் ஊரார் பணத்தைத் தின்றான். மற்றதை நடத்தியவர் தன்னிடமிருந்ததையெல்லாம் அதில் போட்டார். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அதற்குத்தான் எங்களை நியமிக்கிறார்கள்.

கிடங்கு வழக்கில் அந்த நாற்பது பெயர்களின் மூட்டைகளும் கம்பெனிச் சொத்து என்றே முடிந்தது. விற்ற பணம் கடன் கொடுத்தவர்களுக்கும் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் சட்டம் சொன்ன வரிசையில் போனது. எனக்கு மனசு நிறைந்தது அந்தத் தொழிலாளர்களுக்குப் பணம் போனபோதுதான். கம்பெனி கலைப்புக்குப் போனால், தொழிலாளியின் 24 மாதப் பாக்கி, வங்கியின் அடமானக் கடனுக்குச் சமமான வரிசையில் நிற்கிறது. அவருடைய பி.எஃப்., கிராஜுட்டி நிதியைக் கலைப்புக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இது பலருக்குத் தெரியாது. தெரியாததாலேயே கேட்பதில்லை.

ஆகவே கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களிடமும், அவற்றுக்குச் சரக்குக் கொடுத்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் கம்பெனி திவால் நடைமுறைக்குள் வந்தால், மூன்று நாளுக்குள் ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவிப்பு வர வேண்டும். அதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை கொடுக்க அதில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்கு இரண்டு வாரம்கூட இருக்காது. தொழிலாளிக்குப் படிவம் ‘டி’, சரக்குக் கொடுத்தவருக்குப் படிவம் ‘பி’. கட்டணம் கிடையாது, தபாலிலும் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம். சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், பில் எது இருந்தாலும் நகல் வையுங்கள். கம்பெனி லாரி ராத்திரியில் எங்கே போய் வந்தது என்று தெரிந்தால், அதையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி அந்த உறையிலேயே போடுங்கள்.