சீவிய சப்தம்

டிஸ்டார்ஷனைச் 'சிதைவு' என்று மொழிபெயர்த்துவிட்டால் அதைப் பற்றி யோசிக்கும் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. ஆனால் தம்பூராவின் குதிரையில் தந்திக்கு அடியே ஒரு பஞ்சுநூலைச் செருகி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ரீங்காரம் எழும் இடத்தில் நிறுத்துகிறோமே, அதுவும் சுத்தமான தொனியைக் கெடுக்கிற காரியம்தான். கெட்ட பிறகுதான் ஸ்வரத்துக்கு உயிர் வருகிறது. மின்கிதார்க்காரன் காலால் மிதிக்கிற பெடலை இந்த நூலுக்குத் தூரத்து உறவாகப் பார்க்க எனக்குத் தயக்கமில்லை.

பெடல் செய்வது இவ்வளவுதான்: கிதாரிலிருந்து வரும் சிறு மின்னலையைப் பெருக்கி, அதன் உச்சிகளை டயோடுகளால் சீவித் தட்டையாக்குகிறது. சிலிக்கான் டயோடு என்றால் ஏறக்குறைய 0.6 வோல்ட்டில் சீவல் விழும். சீவிய இடத்திலிருந்து மூல ஒலியில் இல்லாத மேல் ஸ்வரங்கள் கிளம்புகின்றன, நாதம் நீள்கிறது. ஸட்ஜ பஞ்சமத்தைச் சேர்த்து மீட்டினால் பாறைபோல் நிற்கும். நடுவே காந்தாரத்தைச் சேர்த்ததும் கலங்கிவிடும். மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றை நாஷ்வில்லில் பதிவு செய்தபோது ஒலிக்கலவை மேஜையில் ஏற்பட்ட பழுதால் கிரேடி மார்ட்டினின் பேஸ் கிதார் கரகரத்தது. அழிக்காமல் விட்டார்கள். 1962இல் அதே கரகரப்பு 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று பெட்டியில் அடைபட்டுக் கடைக்கு வந்துவிட்டது. பழுது உத்தியாக மாறுவது இலக்கியத்திலும் உண்டு. இவ்வளவு சீக்கிரம் விலை போவதில்லை.

நாகலூரில் காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் இளைஞர் ஒருவர், ஏற்காட்டுக் கோடை விழாவில் மெல்லிசைக் குழுவோடு வாசிப்பவர், சேலத்தில் வாங்கிய ஒரு பெடலைக் கொண்டுவந்து என் அபிப்பிராயம் கேட்டார். பெயர் வேண்டாம். டிஸ்டார்ஷனோடு எதிரொலி, ரிவெர்ப், கோரஸ் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. பாதி மாதச் சம்பளம். ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாமாம்.

எல்லாவற்றையும் திறந்து வாசித்தபோது சேர்வராயன் மலையே திரும்பப் பாடுகிற மாதிரி இருந்தது. கூடுதல் அம்சங்களை ஒவ்வொன்றாக மூடச் சொன்னேன். மிஞ்சியது தகர மூடியின் சப்தம். மெதுவாக மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் ஒரே கரகரப்பு. கிதாரின் வால்யூமைக் குறைத்தால் தெளியவேண்டிய தொனி தெளியவில்லை, சும்மா சின்னதாகிவிட்டது. விரல் என்ன செய்கிறது என்பது பெட்டிக்குத் தெரியவே இல்லை. போதாததற்கு எல்லாவற்றுக்கும் மிதிகட்டை ஒன்றுதான். பாட்டின் மெல்லிய இடத்தில் கரகரப்பை நிறுத்தினால் எதிரொலியும் கூடவே செத்துப்போகிறது.

கூடுதல் அம்சமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரோஜர் மேயர் செய்த ஆக்டேவியா என்ற கருவியை 1967இல் 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டில் ஹென்ட்ரிக்ஸ் உபயோகித்தார். அது மேல் ஸ்தாயியையும் சேர்த்துத் தருகிறது. அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடுவதால் பிறப்பது அந்த ஸ்தாயி, சிதைவிலிருந்தே முளைத்தது. இந்தப் பெட்டியில் இருப்பதோ சிதைவு முடிந்த பிறகு மேலே பூசியது. சமீபத்தில் விமர்சனத்துக்கு வந்த ஒரு கவிதைத் தொகுதியிலும் படிமங்கள் இப்படித்தான் இருந்தன. அது வேறு விஷயம்.

இதையெல்லாம் சொன்னேன். அவர் மறுத்தது வலுவான மறுப்பு: "மைதானத்துல நிக்கிறவங்களுக்கு எக்கோதான் சார் கேக்கும். விரல் யாருக்குக் கேக்குது?"

வாசிக்கிறவருக்குக் கேட்குமே என்றேன். பழைய டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றைத் தனியாக வாங்கி, எதிரொலியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். அவர் எதிரொலியை மூடிவிட்டு, பஞ்சமத்தை மட்டும் மறுபடி மறுபடி மீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.