தார் சுத்தினது யாரு?

"என் லேப்டாப்ல ஓடுதே சார்!"

ப்ராஜெக்ட் ரிவ்யூ அன்னைக்கு இந்த வசனத்தைக் கேட்காதவங்க நம்ம காலேஜ்ல இருக்கீங்களா? போன செமஸ்டர் எங்க டீம்லயும் கேட்டோம். தறிக்காரங்களுக்கு வாரக் கூலி போடுற ஒரு சின்ன சி புரோகிராம். டீம்ல ஒரு நண்பனோட லேப்டாப்ல ஜோரா ஓடுச்சு. லேப் கம்ப்யூட்டர்ல கம்பைல்கூட ஆகல. ரிவ்யூவுக்கு வந்த சார் திட்டல, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தப் பையன் லீவு போட்டா இதை யாரு ஓட்டுவாங்க?"

நல்ல கேள்வி. அதுக்குப் பதில் ஒரு ஃபைல்ல எழுதியிருக்கணும். அதுக்குப் பேர்தான் எக்ஸிக்யூட்டபிள் டார்கெட். பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க. "கடைசியில எனக்கு ஓடுற புரோகிராம் ஒண்ணு வேணும். அதோட பேர் இது. அது இந்த இந்த ஃபைல்ல இருந்து உருவாகுது. அதுக்கு இன்னின்ன துணை வேணும்." இவ்வளவுதான் விஷயம்.

எனக்கு இது புரிஞ்சது எங்க ஊர்த் தறியை வெச்சுத்தான். திருத்தணி பக்கத்துல பொதட்டூர்பேட்டை எங்க ஊர். தெருவுல நடந்தா விசைத்தறிச் சத்தம் கூடவே வரும். ஜக்கார்டு அட்டைதான் கம்ப்யூட்டருக்கு முன்னோடிங்கிற கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நான் சொல்ல வர்றது வேற.

தறியில கடைசியா இறங்குறது துணி. அதுதான் டார்கெட். அதுக்கு முன்னாடி நூலுக்குச் சாயம் போடணும், பாவு ஓடணும், கஞ்சி போடணும், ஊடை நூலைத் தார்ல சுத்தணும். ஒவ்வொண்ணும் முடிஞ்சாத்தான் அடுத்தது. பழைய பாவு தீரும்போது புதுப் பாவோட நுனியைப் பழைய நுனியோட ஒவ்வொரு இழையா பிணைப்பாங்க. நம்ம லிங்கர் செய்யுறதும் இதேதான். மெயின் ஃபைல்ல நீங்க கூப்பிட்ட ஃபங்ஷனை, வேற ஃபைல்ல எழுதியிருக்கிற அதே ஃபங்ஷனோட பிணைக்குது. ஒரு இழைக்கு ஜோடி கிடைக்கலைன்னா 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'னு நின்னுடும்.

சரி, இதையெல்லாம் ஏன் எழுதி வைக்கணும்? டெர்மினல்ல ஒரு கமாண்ட் அடிச்சா போதாதா?

1976-ல பெல் லேப்ஸ்ல இதே கேள்விக்கு ஒரு பதில் கிடைச்சது. ஸ்டீவ் ஜான்சன்னு ஒருத்தர், யாக் டூலை எழுதினவர், ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரு பிழையைத் தேடிக்கிட்டிருந்தார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திட்டார். ஆனா திருத்தின ஃபைலை மறுபடி கம்பைல் பண்ணல. அதனால பழைய ஆப்ஜெக்ட் ஃபைலே உள்ள போய் உட்கார்ந்திருந்தது. அதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதினதுதான் 'மேக்'. 2003-ல ஏசிஎம் அமைப்பு அதுக்காக அவருக்கு விருது கொடுத்தது.

மேக் செய்யுற தந்திரம் எளிசு. டார்கெட் பேரை எழுதி, பக்கத்துல ஒரு கோலன் போட்டு, அது எதை நம்பியிருக்குன்னு எழுதணும். அடுத்த வரியில ஒரு டேப் விட்டு, எப்படிச் செய்யணும்னு எழுதணும். மேக் ஃபைல்களோட நேரத்தைப் பார்க்கும். டார்கெட்டைவிட புதுசா எந்த ஃபைலாவது இருந்தா, அதைச் சார்ந்ததை மட்டும் மறுபடி செய்யும். தார் தீர்ந்தா நாடாவுல தாரை மட்டும்தானே மாத்துவோம், பாவையே கழட்ட மாட்டோமே! அது மாதிரி.

2000-ல அடுத்த சிக்கல். மருத்துவப் படங்களைக் கையாளுற ஐடிகேங்கிற மென்பொருளை விண்டோஸ், யூனிக்ஸ் ரெண்டுலயும் பில்ட் பண்ண வேண்டியிருந்தது. அதுக்காக கிட்வேர் நிறுவனம் 'சிமேக்'கை உருவாக்கினது. சிமேக் தானா கம்பைல் பண்ணாது. நீங்க எழுதினதைப் படிச்சு, லினக்ஸ்ல மேக்ஃபைலாவோ விண்டோஸ்ல விஷுவல் ஸ்டுடியோ ப்ராஜெக்டாவோ எழுதிக் கொடுக்கும்.

எங்க புரோகிராமுக்குத் தேவைப்பட்டது மூணே மூணு முக்கியமான வரி. (டைப் பண்ணும்போது ஆங்கில எழுத்துல போட்டுக்கோங்க.)

ஆட்_லைப்ரரி(கணக்கு கணக்கு.சி)
ஆட்_எக்ஸிக்யூட்டபிள்(கூலி மெயின்.சி)
டார்கெட்_லிங்க்_லைப்ரரீஸ்(கூலி பிரைவேட் கணக்கு)

முதல் வரி, கூலி கணக்கிடுற ஃபங்ஷன்களைத் தனி லைப்ரரி ஆக்குது. அது தானா ஓடாது. ரெண்டாவது வரிதான் ஓடுற டார்கெட். விண்டோஸ்ல அது 'கூலி.எக்ஸ்இ'ன்னு வரும், லினக்ஸ்ல வெறும் 'கூலி'. மூணாவது வரி ரெண்டையும் பிணைக்குது.

எல்லாத்தையும் ஒரே எக்ஸிக்யூட்டபிள்ல போட்டா என்னன்னு கேட்கலாம். ஒரு எக்ஸிக்யூட்டபிளுக்கு ஒரு மெயின் ஃபங்ஷன்தான் இருக்க முடியும். நாளைக்கு கணக்கு சரியான்னு பார்க்க 'சோதனை'ன்னு இன்னொரு புரோகிராம் எழுதினா, அதுக்கும் ஒரு மெயின் வேணும். கணக்கு தனி லைப்ரரியா இருந்தா, சோதனை அதே லைப்ரரியோட பிணைஞ்சுக்கும். எதையும் காப்பி அடிக்க வேண்டாம்.

இப்போ அந்த லேப்டாப் மர்மத்துக்கு வருவோம். புரோகிராம் தகவலை எஸ்க்யூலைட்ல சேமிக்குது. நண்பனோட லேப்டாப்ல வேற ஏதோ வேலைக்காக எஸ்க்யூலைட் எப்பவோ ஏறியிருந்தது. அவன் அடிச்ச கமாண்ட்ல அதோட பேர் இருந்தது. அந்தக் கமாண்ட் அவனோட டெர்மினல் ஹிஸ்டரியில மட்டும்தான் இருந்தது. அதாவது, புரோகிராம் நம்பியிருந்த ஒண்ணு எங்கேயும் எழுதப்படல. சிமேக்ல 'ஃபைண்ட்_பேக்கேஜ்'னு எழுதி, எஸ்க்யூலைட்3 பேரைப் போட்டு, பக்கத்துல 'ரிக்வயர்ட்'னு சேர்த்தா, அது எஸ்க்யூலைட்டை இறக்கித் தராதுதான். ஆனா இல்லாத கம்ப்யூட்டர்ல கம்பைல் தொடங்கும் முன்னாடியே, "இது வேணும், இங்க இல்ல"ன்னு பேர் சொல்லி நின்னுடும். பாதி வேலை அதுலயே முடிஞ்சுது.

அந்த வரியைச் சேர்த்த ராத்திரி வீட்டுல எங்க கூலி நோட்டைப் புரட்டிக்கிட்டிருந்தேன். சோதனைக்கு உண்மையான கணக்கு வேணும்னு எடுத்தது. தறி ஓட்டுறவர் பேர், எத்தனை உருப்படி, எவ்வளவு கூலி. அவ்வளவுதான் பத்திகள். பக்கத்துல அம்மா உட்கார்ந்து தார் சுத்திக்கிட்டிருந்தாங்க. அந்த நோட்டுல தார் சுத்துறதுக்குன்னு ஒரு பத்தி கிடையாது. எங்க வீட்டுல அது கூலிக்குள்ளேயே அடக்கம். அம்மாவுக்கு ரெண்டு நாள் காய்ச்சல்னா நாடாவுக்குத் தார் இருக்காது, தறி நிக்கும். அப்பதான் அந்த வேலை எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

எழுதாத டிபென்டன்சிங்கிறது இதுதான். எல்லாம் நல்லா ஓடுற வரைக்கும் அது இருக்குன்னே யாருக்கும் தெரியாது. நின்னு போனாத்தான் தேடுவோம். "என் லேப்டாப்ல ஓடுதே"ங்கிற வசனத்துக்குப் பின்னாடி எப்பவும் பேர் எழுதாத ஒரு உதவி இருக்கு.

எங்க புரோகிராம்ல இப்போ 'தார்'னு ஒரு பத்தி சேர்த்திருக்கோம். அதுல எவ்வளவு ரூபாய் போடணும்ங்கிறது வீட்டுல இன்னும் முடிவாகல, பேச்சு நடந்துக்கிட்டிருக்கு. அப்பா அந்தப் பத்தியைப் பார்த்தார். எடுத்துடுன்னு சொல்லல.

இந்த வாரம் நீங்க ஒண்ணு செஞ்சு பாருங்க. உங்க ப்ராஜெக்ட்ல பில்ட் ஃபோல்டரை மொத்தமா அழிச்சிடுங்க. மீதியை உங்க டீம்லயே கோடிங் பக்கம் வராத ஒருத்தர்கிட்ட, பெரும்பாலும் ரிப்போர்ட் மட்டும் டைப் பண்றவங்ககிட்ட, கொடுங்க. வாயால எதுவும் சொல்லாதீங்க. அவங்க கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் நீங்க எழுதாம விட்ட ஒரு வரி. அத்தனையும் டார்கெட்ல சேருற வரைக்கும் அந்த ப்ராஜெக்ட் உங்க டீமோடது இல்ல, அந்த ஒரே லேப்டாப்போடது.