இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வண்டி

போன நவரை அறுப்பு முடிந்த வாரம். வாசல் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி பானெட்டைத் தூக்கினேன். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைத் திறந்தேன். ஆறு மாதத்துக்கு முன் ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட சிவப்புப் பருத்தி ஃபில்டர் உள்ளே இருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வடிகட்டிய காற்று இன்ஜினுக்குப் போகிற பக்கத்துச் சுவரை விரலால் தேய்த்தேன். விரல் நுனியில் சாம்பல் நிறப் பூச்சு, திருநீற்றைத் தொட்டது போல. அந்தப் பக்கத்தில் தூசியே இருக்கக் கூடாது. ஒரு மூலையில் தொடங்கி குழாயின் வாய் வரைக்கும் அதே சாம்பல் ஒரு கோடாக ஓடியிருந்தது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

எங்கள் ஊர் மானாம்பதி. வேலை ஒரகடத்தில். விடிவதற்குள் கிளம்பி உத்திரமேரூர், திருமுக்கூடல், பழைய சீவரம், வாலாஜாபாத் என்று போகிற வழி. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற அந்தத் திருமுக்கூடல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஆற்றைவிட அதிகமாக ஓடுவது டிப்பர் லாரி. கல்குவாரி, கிரஷர், ஜல்லி, எம்-சாண்ட். தார்ப்பாய் சரியாக மூடாத லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முன் கண்ணாடியே வெளுத்துப் போகும். சாயங்காலம் ஊருக்குள் திரும்பினால், அறுப்புக் காலத்தில், கழனியில் நெல் அறுக்கும் மிஷின் கிளப்புகிற புழுதியும் சுணையும். என் வண்டி சுவாசிக்கிற காற்று இதுதான்.

வண்டி ஹூண்டாய் ஐ20 என் லைன். 2021 செப்டம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர் இழுவை. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வெளியூர்க்காரர்களுக்கு அது கொரிய வண்டி. எனக்கு அது எங்கள் பக்கத்து வண்டி. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், 1998-ல் சான்ட்ரோவோடு உற்பத்தியைத் தொடங்கிய அதே தொழிற்சாலையில் செய்தது. அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக்கும் இருக்கிறது. 1990-ல் திறந்தது, ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். அந்த டிராக்கின் வேலியோரம் நின்று ரேஸ் பார்த்த பையன்களில் நானும் ஒருவன். வேக வண்டி என்ற ஆசை அங்கே பிடித்ததுதான். அந்த ஃபில்டரை வாங்க வைத்ததும் அந்த ஆசைதான்.

ஃபில்டர் எதற்கு என்று யோசிக்கும்முன் இன்ஜின் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 11 கிலோ. நம் ஊர் வெயிலில் அந்தக் காற்றின் கொள்ளளவு 9,000 லிட்டருக்கு மேல். மொட்டை மாடியில் இருக்கிற 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் ஒன்பதை வரிசையாக நிறுத்தி, அத்தனை காற்றையும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு உறிஞ்சுகிறது. நான் வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தாலும், ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டர் காற்று அந்தச் சின்னப் பெட்டி வழியாகப் போக வேண்டும். அதில் பாதி திருமுக்கூடல் காற்று.

கருங்கல் தூளில் குவார்ட்ஸ் உண்டு. அது சிலிண்டர் சுவர் இரும்பைவிடக் கெட்டி. மனித முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இன்ஜினை அதிகம் தின்பது கண்ணுக்குத் தெரியாத 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள தூள். பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற எண்ணெய்ப் படலத்துக்குள் புகுந்து இரண்டு பக்கமும் அரைக்கும். டர்போ வண்டியில் அதற்கும் முன்னால் இன்னொன்று அடிபடுகிறது. கம்ப்ரசர் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும்போது, வருகிற ஒவ்வொரு துகளும் அதன் இறகு விளிம்பில் உளி போல இறங்கும்.

இதெல்லாம் எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயமே இல்லை என்பதுதான் மனசை உறுத்தியது. அப்பா டஃபே மாஸி ஃபெர்குசன் டிராக்டர் வைத்திருந்தார். 1960-ல் சென்னையில் தொடங்கிய டஃபே கம்பெனியின் வண்டி இல்லாத ஊர் எங்கள் வட்டத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த டிராக்டரின் ஏர் கிளீனர் எண்ணெய்க் கிண்ணம் வைத்தது. காற்று நடுக்குழாய் வழியாகக் கீழே இறங்கி, கிண்ணத்து எண்ணெயை உரசித் திரும்பி, கம்பி வலை வழியாக மேலே ஏறும். திரும்புகிற இடத்தில் தூசி எண்ணெயில் விழுந்துவிடும். அறுப்பு, உழவுக் காலத்தில் கிண்ணத்தைக் கழற்றுவது என் வேலை. அடியில் கேழ்வரகுக் களி போலக் கறுப்பாகச் சேறு உட்கார்ந்திருக்கும். அதை வழித்து எறிந்து, டீசலில் கழுவி, புது எண்ணெய் ஊற்ற வேண்டும். கிண்ணத்தில் ஒரு கோடு இருக்கும். “கோட்டுக்கு மேல ஊத்தாத, எண்ணெய இன்ஜின் குடிச்சிடும்” என்பார் அப்பா. சேற்றை என் கையால் வழித்தவன் நான். இருந்தும் காருக்கு வரும்போது, எதைத் தடுக்கிறது என்று கேட்காமல், எவ்வளவு காற்று விடுகிறது என்று மட்டும் கேட்டு வாங்கினேன்.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் மோசமான பொருள் கிடையாது. அதன் பிறப்பைப் பார்த்தால் புரியும். கலிபோர்னியாவின் ரிவர்சைடில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு பேர் 1960-களின் கடைசியில் செய்து பார்த்ததுதான் கே அண்ட் என் ஃபில்டர். பருத்தி வலைத்துணியைப் பல அடுக்காகக் கம்பி வலைக்கு நடுவே மடித்து, எண்ணெய் தடவி விடுவார்கள். தூசி எண்ணெயில் ஒட்டும், துளை பெரிதாக இருப்பதால் காற்று சுலபமாகப் போகும், கழுவித் திரும்பப் போடலாம். பந்தயக்காரனுக்கு அது சரி. அவன் இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பவன். எனக்கு என் இன்ஜின் 2 லட்சம் கிலோமீட்டர் பிரிக்காமல் ஓட வேண்டும்.

ஃபில்டரைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு உலகத் தர முறை இருக்கிறது. அளந்த தூசியை அளந்த காற்றில் கலந்து ஃபில்டருக்குள் செலுத்தி, எவ்வளவு பிடித்தது, நிரம்புவதற்குள் எவ்வளவு தூசி தாங்கியது, காற்றை எவ்வளவு தடுத்தது என்று எடை போட்டுப் பார்ப்பார்கள். விற்பவர்கள் “97 சதவீதம் பிடிக்கும்” என்றால் நமக்குப் பரீட்சை மார்க் போலக் கேட்கும். பிடித்ததை விடுங்கள், தப்பியதைப் பாருங்கள். பெட்டிக்குள் 100 கிராம் தூசி வந்தால், 99 பிடிக்கிற ஃபில்டர் 1 கிராமை விடுகிறது. 97 பிடிக்கிறது 3 கிராமை விடுகிறது. வித்தியாசம் இரண்டு மார்க் இல்லை, மூன்று மடங்கு அரைப்பு. வண்டியோடு வருகிற நல்ல காகித ஃபில்டர் 99-க்கும் மேலே நிற்கும்.

சரி, வேகம் கூடுமா? ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும், சுத்தமான காகித ஃபில்டர் தடுக்கிற அழுத்தம் வெளிக்காற்று அழுத்தத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். அதை முழுசாக ஒழித்தால்கூட 120-ல் ஒன்றிரண்டு பிஎஸ். டர்போ வண்டியில் எவ்வளவு காற்று அழுத்த வேண்டும் என்பதை கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. ஃபில்டர் கொஞ்சம் தடுத்தால் அது டர்போவைக் கொஞ்சம் கூடுதலாகச் சுழற்றிச் சரிசெய்துவிடும். நான் உணர்ந்ததாக நினைத்த வேகம் சத்தத்தில் இருந்தது. டர்போ மூச்சு வாங்குகிற சத்தம் நன்றாகவே கேட்டது, அது எனக்குப் பிடித்தும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பெட்டியையே எடுத்துவிட்டு கோன் ஃபில்டர் மாட்டுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். உள்ளே போகிற காற்றில் 10 டிகிரி சூடு கூடினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். கத்திரி வெயிலில், இன்ஜின் பக்கத்திலேயே திறந்து கிடக்கிற கோன், கொதிக்கிற காற்றைத்தான் இழுக்கும். ஒரு சதவீதத்தைத் தேடிப் போய் மூன்றை இழக்கிற வேலை. மழையில் ஏரி உடைந்து சாலையில் தண்ணீர் நிற்கிற நாளில், பெட்டிக்குக் காற்றை உறிஞ்சும் வாயை கம்பெனி ஏன் உயரத்தில் வைத்தது என்பதும் புரியும்.

கழுவித் திரும்பப் போடலாம் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கழுவியதும் நிழலில் முழுக்கக் காய வைத்து, எண்ணெயை அளவாக விட்டு, அது பரவும்வரை காத்திருக்க வேண்டும். அவசரக்காரன் கை தாராளமாகிவிடும். மிஞ்சிய எண்ணெய் காற்றோடு போய், காற்றை அளக்கிற சென்சார் உள்ள வண்டிகளில் அதன் மேல் படலமாக உட்காரும், வண்டி திணறும். அப்பா சொன்ன கோடு, வேறு உருவத்தில்.

என் பெட்டியில் தூசி போனதற்குக் காரணம் துணிகூட இல்லை. பக்கத்துத் தெருவில் நெல் மிஷின் ரிப்பேர் பார்க்கிற அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஃபில்டரைப் பெட்டியில் வைத்து, ஓரத்து ரப்பரைக் கட்டைவிரலால் சுற்றி அழுத்திக்கொண்டே வந்தார். சாம்பல் கோடு தொடங்கிய மூலையில் விரல் நின்றது. அங்கே ரப்பர் பள்ளத்தில் உட்காரவில்லை, விரல் நகம் நுழைகிற சந்து. “துணி எவ்ளோ நல்லதா இருந்தா என்னா தம்பி? காத்து சுலுவான வழியாத்தான் பூரும். சந்து இருந்தா சந்துலதான் பூரும்” என்றார். இந்த மாடலுக்கே ஆனது என்று சொல்லி விற்ற ஃபில்டர். பெட்டியில் தயாரித்தவர் பெயரோ பகுதி எண்ணோ இல்லை. ஐயாயிரத்துக்கு மேல் கொடுத்திருந்தேன். வாங்கும்போது ரப்பரைத் தடவிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அவர் இன்னொன்றும் சொன்னார், அது எனக்குத் தெரியாதது. காகித ஃபில்டரை வாரா வாரம் கழற்றிக் கம்ப்ரசர் காற்று அடிக்கக் கூடாதாம். படித்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. காகிதத்தின் மேல் மெல்லிசாகப் படிகிற தூசியே அடுத்து வரும் தூசிக்குச் சல்லடையாகிறது. புதுசைவிடக் கொஞ்சம் ஓடிய ஃபில்டர் நன்றாக வடிக்கும். அழுத்தமான காற்று அடித்தால் காகித இழை விலகிக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். தட்டித் தட்டி உபயோகிப்பதைவிட, நேரம் வந்ததும் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்குவதே மேல்.

இப்போது என் வண்டியில் இருப்பது கம்பெனி காகித ஃபில்டர். விலை சில நூறு ரூபாய். தூசிச் சாலைக்குச் சீக்கிரம் மாற்றச் சொல்லி வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. நான் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, நவரை அறுப்பு முடிந்ததும் ஒருமுறை மாற்றுகிறேன். பருத்திதான் வேண்டும் என்று மனசு கேட்டால், தயாரித்தவர் பெயரும் உங்கள் மாடலின் பகுதி எண்ணும் அச்சடித்த, ஐஎஸ்ஓ 5011 முடிவை வெளிப்படையாகத் தருகிற, கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே உட்காரும் பேனல் ஃபில்டராக வாங்குங்கள். கோன் இந்தச் சாலைக்கு வேண்டாம். மிச்சமாகிற பணத்தை நல்ல டயரில் போட்டால், ஓட்டும்போது கை உணர்கிற வித்தியாசம் கிடைக்கும்.

எந்த ஃபில்டர் போட்டாலும் ஒன்றை மட்டும் செய்யுங்கள். பெட்டியின் சுத்தமான பக்கத்துச் சுவரில் விரலால் மிக லேசாக கிரீஸ் தடவி மூடிவிட்டு, ஒரு மாதம் கழித்துத் திறந்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் நரநரவென்று மணல் பட்டால் அந்த ஃபில்டர் உங்கள் வண்டிக்கு ஆகாது. என் துணியில் இந்த மாதம் கிரீஸ் மட்டும்தான் இருந்தது.