கடன் கொப்பியில் ஒரு ஊர்

கொஸ்லந்தைக் கடைத்தெருவில் என் மூத்தவாப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை. கடன் கொப்பியில் ஆளின் பெயருக்கு முன்னால் ஊரைத்தான் எழுதுவார். பூனாகலை, அம்பிட்டிகந்தை, மீரியாபெத்தை. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததே அந்தக் கொப்பியில்தான்.

"கொஸ்லந்த என்டா என்ன மூத்தவாப்பா?"

"கொஸ் என்டா பலாக்கா. லந்த என்டா பத்தைக்காடு. சிங்களம் மகள். பெத்த என்டாலும் காடுதான்."

அன்றிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் பெயர்ப்பலகைகளைப் பிரித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பண்டாரவளையில் இருப்பது கையில் போடும் வளையல்ல. வெல, அதாவது வயல். லுணுகலை உப்புக்கல். நமுனுகுலை ஒன்பது சிகரம். பெயர்களைச் சிங்களம் தந்தது. 'ஹ'வை விழுங்கி அப்புத்தளை என்று சொல்ல வைத்தது எங்கள் நாக்கு.

வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊரையே தூக்கி வந்தார்கள். அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கல் பங்களாவின் பெயர் அடிசம். அது இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் அவர் பிறந்த சிற்றூரின் பெயர். திருச்சியிலும் சேலத்திலும் இருந்து நடந்து வந்தவர்களுக்கும் பிறந்த ஊர் இருந்ததே! மூத்தவாப்பாவின் கொப்பியில் அப்படி ஒரு ஊரைக்கூட நான் காணவில்லை. அவர்களுக்கு மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, லயத்து நம்பர்.

2014 ஒக்டோபர் 29 காலை மீரியாபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் தெரியவில்லை. நான் அப்போது மிகவும் சின்னவள். மூத்தவாப்பா கடையைப் பூட்டிவிட்டு அங்கே போனதும், இரவு சேறு படிந்த சாரத்தோடு வந்து சாப்பிடாமல் படுத்ததும் மட்டும் ஞாபகம்.

அந்தக் கொப்பியின் மீரியாபெத்தைப் பக்கங்களை அவர் கூட்டவில்லை, கிழிக்கவும் இல்லை. உம்மா ஒருநாள் கேட்டதற்கு, "மௌத்தானவங்கட கடனுக்கு மாப்புக் குடுத்துட்டேன். பேரு இருக்கட்டும்" என்றார்.

தப்பியவர்களுக்குப் பிறகு மாகல்தெனியவில் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். சென்ற விடுமுறையில் நான் கடையில் இருந்தபோது ஒரு வயதான அம்மா சீனியும் மாவும் கடனுக்குக் கேட்டார். கொப்பியை விரித்து, "எந்த ஊர் அம்மா?" என்றேன்.

"மீரியாபெத்தை."

நான் மூத்தவாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். "அவங்க சொன்னதை எழுது மகள்" என்றார். எழுதினேன். மாகல்தெனியவை அடைப்புக்குறிக்குள் சின்னதாகப் போட்டேன்.