கடைசி நூறு அடி

ராயகிரியில் ஒரு வீட்டில் பெரியவர் இறந்துபோனால், காரியம் முடிந்த கையோடு வீட்டார் வந்து நிற்கிற இடம் பேரூராட்சி அலுவலகம். இறப்புச் சான்றிதழ் கைக்கு வராமல் வங்கிக் கணக்கு நகராது, வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட முடியாது, பட்டாவில் பெயர் மாறாது. பிறப்புச் சான்றிதழ் அதைவிடக் கனமாகிவிட்டது. 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் பிறந்த தேதி, இடத்துக்கு ஆதாரம் அந்த ஒரு தாள்தான். அதை எடுக்கப் போனால், தமிழ்நாட்டில் எந்த அரசு அலுவலகத்திலும் ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடிய பதில் இது: "சர்வர் வேலை செய்யலம்மா, நாளைக்கு வாங்க."

அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கிற சாமான்களைப் பார்ப்பது என் பிழைப்பு. தென்காசி மாவட்டத்தில் சில பேரூராட்சிகளுக்குக் கணினி, யுபிஎஸ், நெட், பிரிண்டர் எல்லாவற்றையும் ஓட வைக்கிறேன். வெளிநாட்டு நகராட்சிகளில் இந்த வேலைக்குத் தனிப் பதவி, தனிப் பிரிவு எல்லாம் உண்டு. இங்கே வரித்தண்டலர் அண்ணாச்சி போன் போடுவார்: "தம்பி, ரசீது விழ மாட்டேங்கு. வாசல்ல ஆளு நிக்கி." உடனே வண்டியை எடுக்க வேண்டியதுதான்.

இத்தனை வருடத்தில் நான் கண்டது, சர்வர் அநேகமாக நன்றாகவே இருக்கிறது. சென்னை பெருங்குடியில் மாநிலத் தரவு மையம் இருக்கிறது. ஜெனரேட்டர், குளிரூட்டி, இராப்பகலாக ஆள் என்று எந்தக் குறையும் இல்லை. 1977-இல் தொடங்கிய மாநில அரசின் எல்காட் நிறுவனம் மாவட்டங்களுக்குக் கம்பி இழுத்து மாநில வலையமைப்பைக் கட்டியது. 2007-இல் மின் ஆளுமை முகமை வந்தது. எல்லாம் உழைத்துச் செய்த காரியங்கள். சென்னையிலிருந்து ராயகிரி தெருக் கம்பம் வரைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் பொறுப்பாளர் உண்டு. கம்பத்திலிருந்து கவுண்டர் மேசை வரைக்கும் உள்ள கடைசி நூறு அடிக்குத்தான் யாரும் இல்லை. தண்ணீர் திறக்க ஆள் உண்டு, தெருவிளக்குக்கு உண்டு, துப்புரவுக்கு உண்டு, வரி தண்ட உண்டு. இந்த நூறு அடிக்கென்று ஒரு பதவியை எந்தப் பேரூராட்சியிலும் நான் பார்த்ததில்லை.

நான் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் ஒரு கோடை முழுக்க மத்தியானமானால் கணினிகள் தானாக அணைந்து எழுந்தன. மென்பொருள் கோளாறு என்று சென்னைக்குப் புகார் எழுதினார்கள். வைரஸ் என்றார்கள். மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது இருபதைத் தாண்டி நின்றது. எர்த் குழி எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்த பிறகு, பழைய ஊழியர் ஒருவர் வாசலில் பதித்திருந்த பேவர் பிளாக்கைக் காட்டினார். தரையை அழகுபடுத்தியபோது குழியையும் சேர்த்து மூடிவிட்டார்கள். கரியும் உப்பும் நிரப்பிய குழிக்கு ஈரம் வேண்டும். மேற்கே மலை தெரிகிற ஊர்தான் என்றாலும், சித்திரை வெயிலில் மண் உலர்ந்து மின்சாரம் இறங்க வழியில்லாமல் போயிருந்தது. புதுக் குழி வெட்டி, செம்புத் தகடு இறக்கி, தண்ணீர் ஊற்றக் குழாயும் வைத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு குடம் ஊற்றுங்கள் என்று சொல்லி வந்தேன். மத்தியான வியாதி அன்றோடு போனது. ஒரு குடம் தண்ணீருக்காக எத்தனை பேர் எத்தனை நாள் திரும்பிப் போயிருப்பார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஐப்பசி இடிக்கு ரவுட்டர் போகும். காய்ந்த பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆளில்லாமல் யுபிஎஸ் போகும். இவையெல்லாம் பழுது. பழுதே இல்லாமலும் வேலை நிற்பதுண்டு. செயல் அலுவலரின் டிஜிட்டல் கையெழுத்து ஒரு சின்ன யுஎஸ்பி டோக்கனில் இருக்கிறது. ஒரே அலுவலர் இரண்டு பேரூராட்சிகளைப் பொறுப்பில் பார்க்கும்போது டோக்கனும் அவர் பையோடு பயணம் போகும். அவர் மாறுதலாகிப் போனால் புதியவரின் கையெழுத்தைச் சேர்த்து இணைக்கும் வரை கோப்புகள் காத்திருக்கும். மாறுதல் உத்தரவோடு இந்த வேலைக்கும் ஒரு தேதி குறிக்க ஏற்பாடு இருந்தால் போதும்.

எனக்கு அதிகம் கவலை தருவது பழைய ஏடுகள். வீட்டிலேயே பிரசவம் நடந்த காலத்துப் பதிவுகள் எல்லாம் பேரூராட்சியின் தடித்த புத்தகங்களில்தான் இருக்கின்றன. சாரல் காலத்து ஈரம் தாளைப் பதம் பார்க்கிறது. ஸ்கேன் செய்த இடங்களிலும் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க், அதுவும் அதே அறை பீரோவில். நான் போகிற இடத்திலெல்லாம் இன்னொரு பிரதியை வேறு கட்டடத்தில் வைக்கச் சொல்கிறேன். அடுத்த சிக்கல் எழுத்துரு. ஒரு காலத்தில் அரசு அலுவலகங்களில் வானவில்லில் தட்டச்சு செய்தார்கள். 2010-இல், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முந்தைய வரி விதிப்புப் பட்டியலைப் புதுக் கணினியில் திறந்தால் ஊர்க்காரர் பெயரெல்லாம் குறிகளாகச் சிதறிக் கிடக்கும். மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்தாலும் ஒற்றும் கொம்பும் இடம் மாறிவிடும். ஒவ்வொரு வரியையும் பழைய கேட்புப் புத்தகத்தோடு கண்ணால் ஒத்துப் பார்க்க வேண்டும். இதை ஊர் தெரிந்த ஆள்தான் செய்ய முடியும், எந்தத் தெருவில் எந்தக் குடும்பம் என்று அவருக்குத்தான் தெரியும். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானபோதும் இதே கதைதான். பழைய ஏட்டில் திருநெல்வேலி, புதுத் திரையில் தென்காசி. ஒரே ஊர்தான் என்று விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் விளக்க வேண்டியிருந்தது.

கணினிகளைக் கவனிக்காமல் விட்டால் பெரிய இடங்களில்கூட எங்கே போய் முடியும் என்பதை உலகம் பார்த்திருக்கிறது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அட்லாண்டா நகராட்சிக் கணினிகளைப் பணயத் தீநிரல் பூட்டியபோது மக்கள் தண்ணீர்க் கட்டணம்கூட இணையத்தில் கட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் பால்டிமோரில் வீடு விற்றவர்களும் வாங்கியவர்களும் பத்திரத்தை முடிக்க முடியாமல் நின்றார்கள். 2022 நவம்பர் 23-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் விழுந்தன. இரண்டு வாரம் போல நோயாளிகளின் சீட்டைக் கையால் எழுதினார்கள். இப்படி ஏதாவது நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் பேரூராட்சியில் ஒரு கணினி பூட்டிக்கொண்டால் அது தாக்குதலா பழுதா என்று அந்த ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல யார் இருக்கிறார்கள்? 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அந்தத் தேதி தெரிந்து திட்டமிட ஒருவர் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி முடிந்த 2014-ஐ ஒட்டி, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறச் சொல்லித் தமிழக அரசு முயன்றது. சரியான எண்ணம். பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட ஆள் இல்லாத இடங்களில் அது வேரூன்றவில்லை என்பது என் எண்ணம். இதற்கு நேர்மாறான முன்னுதாரணமும் நம்மிடமே உண்டு. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். திருவாரூர் ஆட்சியராக இருந்தபோது, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வருவாய்த் துறை ஊழியர்களையே கணினிக்குப் பழக்கித் தாலுகா அலுவலகங்களை மாற்றிக் காட்டினார். கருவி எல்லோருக்கும் வாங்கலாம், அங்கே முதலில் ஆளைத் தயார் செய்தார்கள்.

2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகளுக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்தது. இந்த நூறு அடியைப் பார்க்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறியாளர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அருகருகே இருக்கிற நாலைந்து பேரூராட்சிகளுக்குச் சேர்த்து ஒருவர் போதும். ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று ஒரு வண்டியில் ஒரு நாளில் சுற்றிவரக்கூடிய தூரம்தான். ஆனால் அவர் ஒப்பந்தக்காரராக இல்லாமல், பதவியும் பணிப் பதிவேடும் உள்ள ஊழியராக இருக்க வேண்டும். பேவர் பிளாக் பதிக்கும் தீர்மானம் மன்றத்துக்கு வரும்போது, இங்கே எர்த் குழி இருக்கிறது என்று எழுந்து சொல்கிற உரிமை அவருக்கு வேண்டும். வெளியாள் எனக்கு அது கிடையாது, கூப்பிட்டால்தான் போக முடியும். அரையாண்டு சொத்துவரிக்கு 5 சதவீத ஊக்கத்தொகை கிடைக்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூட்டம் நெருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்னே பேட்டரியையும் பிரிண்டரையும் சோதித்து வைப்பது அவர் கடமையாக இருக்கட்டும். கையடக்க மெஷினில் வரும் வெப்பத்தாள் ரசீது நம் வெயிலுக்குச் சீக்கிரமே வெளுத்துவிடும், நகல் எடுத்து வையுங்கள் என்று கவுண்டரில் எழுதி ஒட்டுவதையும் அவரே செய்யலாம். நான் போகும் இடங்களில் அதை இப்போதே ஒட்டத் தொடங்கியிருக்கிறேன்.